இல்லாத பூட்டும் அதைப் பற்றிய கேள்வியும்

லினக்ஸ் கெர்னல் ஒற்றை நுண்செயலிக் கணினியில் பிறந்தது. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியது இன்டெல் 386 கணினியில். பல நுண்செயலிகளுக்கான ஆதரவு 1996 ஜூனில் வெளிவந்த 2.0 பதிப்பில்தான் வந்தது. அப்போது கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரும்பூட்டு. ஒரு வேளையில் ஒரு நுண்செயலியே உள்ளே நுழையலாம். காலப்போக்கில் அதன் இடத்தைச் சிறுசிறு பூட்டுகள் பிடித்தன. பெரும்பூட்டின் கடைசி எச்சம் 2011-இல், 2.6.39 பதிப்பில் நீங்கியது.

அச்சிறு பூட்டுகளில் முதன்மையானது சுழல்பூட்டு. பூட்டு விடுபடும்வரை நுண்செயலி அதையே மீண்டும் மீண்டும் பார்த்தபடி சுழன்றிருக்கும். ஒற்றை நுண்செயலியில் இதற்குப் பொருளில்லை. அது சுழன்றுகொண்டிருந்தால் பூட்டைத் திறக்க வேறு யார் இருக்கிறார்? ஆகவே அத்தகைய கணினிக்கெனத் தனியே உருவாக்கப்படும் கெர்னலில், நடப்புப் பணியை இன்னொரு பணி இடைமறிக்காமல் தடுப்பதோடு பூட்டுதல் முடிந்துவிடும். பிழைதேடும் வசதியைச் சேர்க்காவிடில், பூட்டின் நிலையைக் குறித்துவைக்க நினைவகத்தில் ஓரிடங்கூட இராது.

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. 'பூட்டு பூட்டப்பட்டுள்ளதா?' என்று வினவும் செயற்கூறு ஒன்று உண்டு. இல்லாத பூட்டைப் பற்றி அது என்ன விடை தரும்? 'ஆம்' என்றால், பூட்டு திறக்கக் காத்திருக்கும் நிரல் முடிவின்றிக் காத்திருக்கும். 'இல்லை' என்றால், பூட்டு கையிலிருப்பதை உறுதிசெய்துகொண்டே தரவைத் தொடும் நிரல், விதிமீறல் நேர்ந்ததாகக் கருதிக் கெர்னலை நிறுத்திவிடும். வடிவமைத்தோர் 'இல்லை' என்பதையே தேர்ந்தனர். அச்சோதனை தொடக்கப் பாதையில் அமைந்துவிட்டால், பல நுண்செயலிகளில் குறையின்றி ஓடும் அதே மூலநிரல் ஒற்றை நுண்செயலியில் எழும்போதே விழும்.

தீர்வு இலக்கணம் பயின்றோர்க்குப் புதிதன்று. 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' உருபு தொக்கிருக்கிறது. உருபைக் காணவில்லை என்று எவரும் தொடரைப் பிழையென்று தள்ளுவதில்லை. கெர்னலிலும் நேரடி வினாவுக்கு மாற்றாக, 'பூட்டு கையிலிருக்க வேண்டும்' என்னும் உறுதிக்கூற்று வந்தது. பூட்டு மறையும் இடத்தில் அதுவும் உடன் மறைந்துவிடும்.

எனினும் இவ்வகைப் பிழைகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. 2005-க்குப் பின் மேசைக் கணினிகளிலேயே இரட்டைக் கருக்கள் பரவின. நிரல் எழுதுவோர் கையில் ஒற்றை நுண்செயலி அரிதாயிற்று. 2025-இல் கெர்னலின் பணி அட்டவணைப் பகுதியில் ஒற்றை நுண்செயலிக்கான தனிக் கிளையே நீக்கப்பட்டது. அங்கே அக்கணினி இப்போது, எண்ணிக்கை ஒன்றாக அமைந்த பல்செயலிக் கணினி. சுழல்பூட்டின் வெற்று வரையறை மட்டும் நீடிக்கிறது.