பகிர்வுச் சேமிப்பகத்தை எங்கே மவுண்ட் செய்வது? சிவகாசி அச்சகத்தை முன்வைத்து

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் பழகித் திரும்பியபின் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழிலும் கூடவே வளர்ந்தது. ஆடிப்பெருக்கன்று புது ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடும் வழக்கமுள்ள ஊரில், டிசைன் கோப்புகள் ஒரு நாள் திறக்காவிட்டாலும் நட்டம்தான்.

நடுத்தர அச்சகம் ஒன்றைக் கொள்வோம். கோப்புகள் எல்லாம் நாஸ் பெட்டியில் இருக்கின்றன. பக்கத்தில் பிராக்ஸ்மாக்ஸ் நிறுவிய ஒரு சர்வர். அதில் எல்எக்ஸ்சி கண்டெய்னர்களாகப் படத் தேடல், பில் போடுதல், வாடிக்கையாளருக்கு மாதிரி காட்டும் தளம். இவை நாஸைப் பார்க்க வேண்டும். ஆனால் உரிமை குறைக்கப்பட்ட கண்டெய்னருக்குள் என்எஃப்எஸ் மவுண்ட் கட்டளை கொடுத்தால் கர்னல் மறுத்துவிடும். உடனே பலரும் செய்வது, கண்டெய்னருக்கு முழு உரிமை கொடுத்துவிடுவது. இது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். மவுண்ட் செய்யும் அதிகாரம் ஹோஸ்டிடமே, அதாவது கண்டெய்னர்களைத் தாங்கும் சர்வரிடமே, இருக்க வேண்டும். கண்டெய்னருக்குத் தேவையான அடைவை மட்டும் பைண்ட் மவுண்டாக உள்ளே காட்டினால் போதும்.

உரிமை குறைந்த கண்டெய்னரில் ரூட்டின் எண் 0, ஹோஸ்டில் 100000 ஆகிவிடுகிறது. முழு உரிமை தந்தால் இரண்டும் ஒரே 0. அத்தகைய கண்டெய்னரைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்பதை எல்எக்ஸ்சியை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ‘எல்லாம் ஒரே முதலாளியின் பெட்டிதானே’ என்று கேட்கலாம். பட்டாசு ஆலையும் ஒரே முதலாளியுடையதுதான். ஆனாலும் மருந்து கலக்கும் அறைக்கும் சரக்கு வைக்கும் மேகசினுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்கின்றன 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள்.

இதைவிட வலுவான காரணம் மின்வெட்டு. மின்சாரம் திரும்பியதும் சர்வர் முதலில் எழுந்து, நாஸ் தாமதமாக எழுகிறது என்று வையுங்கள். ஹோஸ்டின் மவுண்ட் தோற்றுவிடும். அந்த இடத்தில் வெற்று அடைவு மட்டும் இருக்கும். முழு உரிமையுள்ள கண்டெய்னர் அதையே நாஸ் என்று நம்பி எழுதிக்கொண்டே போகும். உள் வட்டு நிறையும்வரை யாருக்கும் தெரியாது. பிறகு மவுண்ட் கூடிவந்தாலோ, எழுதியதெல்லாம் அதன் அடியில் மறைந்துவிடும். உரிமை குறைந்த கண்டெய்னரில் இது நடப்பதில்லை. அந்த வெற்று அடைவு ஹோஸ்டின் ரூட்டுக்குச் சொந்தம். பிறர் எழுதத் திறந்துவைக்காதவரை 100000-க்கு அங்கே அனுமதி இல்லை. பிழைச்செய்தி அன்றே வந்துவிடும். இப்பண்பு பாதுகாப்பு விவாதங்களில் போதிய கவனம் பெறுவதில்லை. நாஸ் எழுந்ததும் ஹோஸ்டில் மவுண்டைச் சரிபார்த்து, கண்டெய்னரை மீண்டும் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் அது பழைய வெற்று அடைவையே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

இதே எண்மாற்றம் தலைவலியும் தரும். கண்டெய்னரில் 1000 எண்ணுள்ள பயனர் எழுதிய கோப்பு நாஸுக்கு 101000-இன் கோப்பாகப் போய்ச்சேரும். டிசைனரின் கணினியிலிருந்து அதைத் திருத்த முடியாது. ஷேர் சிஐஎஃப்எஸ் என்றால் ஹோஸ்டில் மவுண்ட் செய்யும்போதே உரிமையாளர் எண்ணை 101000 என்று கொடுத்துவிடலாம். என்எஃப்எஸ் என்றால் நாஸிலேயே பொதுக் குழு அமைத்து அனுமதி தர வேண்டும், அல்லது எண் பொருத்தத்தைக் கையால் மாற்றி எழுத வேண்டும். முதல் வழியே எளிது. மாதிரி காட்டும் தளத்துக்கோ எழுதும் அனுமதியே வேண்டாம். படிக்க மட்டும் விட்டால், எழுதுவதால் வரும் எண் சிக்கல் எழாது.

ஹோஸ்டில் மவுண்ட் செய்வதற்கும் விலை உண்டு. நாஸ் நின்றால் ‘ஹார்ட்’ முறையில் இணைந்த என்எஃப்எஸ், அதைத் தொட்ட நிரல்களை அசையவிடாது நிறுத்திவைக்கும். ஹோஸ்டின் நிரல்களும் அதில் அகப்படும். ‘சாஃப்ட்’ முறை விட்டுக்கொடுக்கும், ஆனால் எழுதும் வேளையில் தரவைச் சிதைக்கக்கூடும். படிக்க மட்டும் பயன்படும் ஷேருக்கு சாஃப்ட், எழுதப்படும் ஷேருக்கு ஹார்ட் என்று பிரிப்பதே என் பரிந்துரை. இன்னொன்று: பிராக்ஸ்மாக்ஸின் கண்டெய்னர் பேக்கப்பில் பைண்ட் மவுண்டின் உள்ளடக்கம் சேராது. ஆல்பத்துக்கான படங்களுக்கு நாஸிலிருந்து தனி பேக்கப் எடுத்தாக வேண்டும்.