சென்னை – பலாலி வான்வழித் தொடர்பு

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திற்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர் ஆகும். இரண்டும் கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையை ஒட்டியே உள்ளன. எனவே சென்னையிலிருந்து புறப்படும் விமானம் வங்கக் கடலின் மேல் ஏறக்குறைய நேர் தெற்காகப் பறந்தால் போதும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஏடிஆர் 72 வகை விமானம், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, இத்தூரத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்துவிடுகிறது.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படைக்காக அமைக்கப்பட்டது. போருக்குப் பின் அது பயணிகளுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை எனப்பட்ட இந்தப் பலாலி வழியாகவே சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முந்திய நிகழ்வு இது.

ஏர் சிலோன் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. அடுத்து வந்த போரில் பலாலி இராணுவத் தளமாயிற்று. 1990இல் அதைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுடைய நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. அவற்றுள் ஒரு பகுதியே பின்னாளில் திருப்பித் தரப்பட்டது; விமான நிலையத்தின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட முடியாது. உள்நாட்டுப் பறப்பும் ஆபத்தாகவே இருந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தனர்.

இக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் சென்னைக்கு விமானத்தில் வர வேண்டுமானால், முதலில் தெற்கே கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீட்டர் தரைவழியே செல்ல வேண்டும். பிறகு கட்டுநாயக்கவில் விமானம் ஏறி ஏறத்தாழ 640 கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டும். 355 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம்! ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அந்தத் தரைவழியும் இல்லை.

போர் 2009இல் முடிந்தும், நேரடி வழி திறக்கப் பத்தாண்டுகள் ஆயின. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. நான்கு மாதங்களில் கொரோனாப் பெருந்தொற்று அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று சேவை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும், 2025 மார்ச் இறுதியில் அதே நிறுவனத்தின் திருச்சிச் சேவையும் சேர்ந்தன. திருச்சிக்கும் பலாலிக்கும் இடைத்தூரம் 185 கிலோமீட்டர் அளவே. சென்னைத் தூரத்தில் ஏறக்குறையப் பாதி.