குணபரனும் கணிப்பொறித் திரையும்

கெடிலக் கரைத் திருவதிகையைப் பற்றிய சரித்திர விசாரணைகளுள் மிகச் சுவையானது, ஓர் அரசனை இன்னான் என்று அடையாளம் கண்ட விசாரணையாகும். திருநாவுக்கரசரைத் துன்புறுத்திய மன்னன் பின்பு மனம் மாறிச் சைவனாகி, இன்றைய திருப்பாதிரிப்புலியூராகிய பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்து திருவதிகையில் ஒரு கோயில் எடுத்தான் என்று உரைக்கும் சேக்கிழார், அவனைக் காடவன் என்றும் பல்லவன் என்றும் குலப்பெயரால் சுட்டுகிறாரேயன்றி இயற்பெயர் சொல்லவில்லை. குலப்பெயரைக் கொண்டு தேடினால் காஞ்சியில் ஆண்ட அத்தனை பேரும் அகப்படுவர்! நல்லவேளையாக, எடுத்த கோயிலைக் குணபரவீச்சரம் என்று அவர் குறித்துவைத்தார்.

திருச்சி மலையின் மேற்குடைவரைச் சாசனம், மாறுபட்ட நெறியினின்று இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பிய குணபரன் என்னும் வேந்தனைப் பேசுகிறது. அரக்கோணத்திற்கு அண்மையிலுள்ள மகேந்திரவாடியிலோ, மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் விஷ்ணுகிருகம் குடைவித்தவன் குணபரன் என்று பாறையிலே பொறித்திருக்கிறது. இவற்றைப் பொருத்திப் பார்த்த ஆராய்ச்சியாளர், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்று நிர்ணயித்தனர். மண்டகப்பட்டுச் சாசனத்திலோ அவனுக்கு விசித்திரசித்தன் என்று பெயர். அவ்வொரு கல்லை மட்டும் கண்டவன் வேறோர் அரசன் என்றே எண்ணியிருப்பான்.

இப்பக்கத்து இளைஞர் சென்னைக்குச் சென்று செய்யும் மென்பொருள் சோதனைத் தொழிலில் இதே விசாரணை நாள்தோறும் நடக்கிறது. மனிதனுக்குப் பதிலாக ஒரு நிரல் திரையிலுள்ள பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டுமாயின், அது எந்தப் பட்டன் என்பதை முதலில் அறிந்தாக வேண்டுமல்லவா? ஆதியில் இடத்தைக் கொண்டே அறிந்தார்கள்: இடப்புறமிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி. ஜன்னல் சற்று நகர்ந்தாலும் நிரல் வெற்றுவெளியை அழுத்தும். 1990களில் மெர்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னர், ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வழக்குப் பெயர் இட்டு, அதன் வகையும் மேலெழுத்தும் போன்ற லட்சணங்களைத் தனிப் பதிவேட்டில் வைத்தது. 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸில் பணிபுரிந்த ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலீனியம், இணையப் பக்கத்து உறுப்பை அதன் ஐடி, பெயர், பக்க அமைப்பில் அதற்குச் செல்லும் வழியைக் கூறும் எக்ஸ்பாத் ஆகியவற்றால் தேடும் வழக்கத்தைப் பரப்பிற்று. 2009-இல் எம்.ஐ.டி.யிலிருந்து வெளிவந்த சிகுலி உருவத்தையே பார்த்துத் தேடியது. திரையின் அளவோ நிறமோ மாறினால் அதுவும் தடுமாறும்.

இத்தனை வந்தும், நேற்று ஓடிய ஸ்கிரிப்ட் இன்று நிற்பதேன்? ‘சேமி’ என்னும் பட்டனுக்கு நேற்று ‘பட்டன்-4821’ என்றிருந்த ஐடி, பக்கம் புதிதாகப் பிறக்குந்தோறும் தானே மாறுவதாயின் இன்று ‘பட்டன்-4907’ ஆகியிருக்கும். மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம் என்று எழுதிய எக்ஸ்பாத், நடுவே ஒரு வரிசை புதிதாய் நுழைந்தால் அயலானைச் சுட்டும். சில வேளை அடையாளம் சரியாயிருந்தும் உறுப்பு, பக்கத்துக்குள் பக்கமாகிய ஒரு ஃப்ரேமுக்குள் அடைபட்டிருக்கும். அல்லது பக்கம் இன்னும் முழுதும் வந்திராது. ஆகையால் தேர்ந்த டெஸ்டர் முதலில் கேட்பது, எத்தனை அகப்பட்டன என்பதே. ஒன்றுமில்லையெனில் காலத்தையும் ஃப்ரேமையும் ஐடியையும் சோதிப்பார். பல அகப்பட்டால் சேக்கிழாரின் காடவனைத் தேடிய நிலைதான், மற்றொரு லட்சணத்தைச் சேர்த்துக் குறுக்க வேண்டும். கண்மூடித்தனமாகக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவாரும் உளர். அது வைத்தியமன்று, நோயை மறைத்தலேயாம்.

சோதனைக்கென்றே மாறாத ஒரு குறியை ஒவ்வொரு உறுப்பிலும் டெவலப்பரே பொறித்துவிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பயனருக்குத் தெரியாத ஒன்றுக்கு ஏன் இந்த வீண் வேலை என்று டெவலப்பர்கள் முணுமுணுப்பதும், வேலை முடியும் தறுவாயில் டெஸ்டர்கள் அதையே கேட்டு வாதாடுவதும் அலுவலகந்தோறும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.