தென்சென்னை யாருக்குச் சொந்தம்?

தென்சென்னைப் பாராளுமன்றத் தொகுதியைப்பற்றிப் பேசுவோர் ஒரு பாடத்தை நெட்டுருவாக ஒப்புவிப்பர். மயிலாப்பூர் வழக்கறிஞர்களும் தியாகராயநகர்ச் செல்வர்களும் அடையாற்று அறிவாளர்களும் வாழும் இடம், படித்தவர் தொகுதி, அவர்கள் கைகாட்டும் பக்கமே அது சாயும் என்பர். ஏட்டைப் புரட்டினோம் நாம். 1957 முதல் 2024 வரை அத்தொகுதி டில்லிக்கு அனுப்பிய உறுப்பினர் வரிசையைப் பார்த்தோம். ஒப்புவிக்கப்படும் பாடத்துக்கும் நடந்த வரலாற்றுக்கும் நெடுந்தொலைவு!

படித்தவரும் பணம் படைத்தவரும் மட்டுமே வாக்களித்த காலம் ஒன்று இந்நகரில் இருக்கத்தான் இருந்தது. 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, சொத்தும் வரியுமே வாக்குரிமைக்கு அளவுகோல். நூற்றுக்கு மூவர் அளவே வாக்காளர். மற்றவர்? மண் சுமந்தவர், மீன் பிடித்தவர், சாக்கடை வாரியவர்—ஆளப்பட வேண்டியவர்கள். ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவர்கள்! பெண்களுக்கோ சொத்து இருந்தும் வாக்கு இல்லை. நீதிக்கட்சி ஆட்சியில் 1921ஆம் ஆண்டில்தான் அந்தத் தடை இம்மாகாணத்தில் நீங்கிற்று. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது 1952 பொதுத் தேர்தலில் வந்தது. மாளிகைச் சீமானுக்கும் ஒன்று, அவர் வண்டியை ஓட்டியவருக்கும் ஒன்று.

அந்தச் சமநிலை நகருக்குப் பழகச் சில ஆண்டுகள் பிடித்தன. 1952இல் சென்னை ஒரே தொகுதி. காங்கிரஸ் சார்பில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி வென்றார். 1957இல் நகரம் வட, தென் எனப் பிரிந்து நின்றபோது தென்சென்னை அவருடையதாயிற்று. வாணிகத்தில் வளர்ந்தவர், நிதியமைச்சர், நாடறிந்த பெயர். அவரை அசைக்க எவரால் இயலும் என்று கேட்டனர். அசைத்தது எதிர்க்கட்சி அன்று, முந்திரா விவகாரம்! பொதுமக்கள் பணத்தைக் காக்க வேண்டிய ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு முந்திராவின் நிறுவனப் பங்குகளை வாங்கியதை, 1957 டிசம்பரில் பாராளுமன்றத்தில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி—ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். சாக்ளா விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி துறந்தார். 1962இல் அவர் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தது திருச்செந்தூரிலிருந்து, தென்சென்னையிலிருந்து அன்று.

இதற்கிடையில் நகரில் நடந்ததுதான் பெரிது. 1957 பொதுத் தேர்தலில் முதன்முறை களம் இறங்கிய தி.மு.கழகம் 15 சட்டமன்ற இடங்களையும் 2 பாராளுமன்ற இடங்களையும் பெற்றது. இரண்டே ஆண்டு! 1959 மாநகராட்சித் தேர்தலில் 100 இடங்களில் 45 கழகத்துக்கு, அ. பொ. அரசு மேயரானார். ரிப்பன் மாளிகையின் படிகளில், அதுவரை அம்மாளிகையின் பக்கம் மனுவோடு மட்டுமே வந்த மக்களின் பிள்ளைகள் உறுப்பினர்களாக ஏறினர். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் அரசியலாயின. படிப்பகங்களில் ஒருவர் ஏட்டைப் படிக்கப் பத்துப் பேர் கேட்டனர். எழுத்தறியாதார்க்கு அரசியல் தெரியாது என்றவர் அந்தப் பத்துப் பேரை எண்ணத் தவறினர். 1962இல் தென்சென்னையில் நாஞ்சில் மனோகரன் வென்றதற்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது என்பது நம் கருத்து.

அதே 1962இல் அண்ணா காஞ்சியில் தோற்றார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கழகத்துக்குச் சட்டமன்றத்தில் 50 இடம், மக்களவையில் 7 இடம். தலைவருக்கோ சொந்த ஊரில் இடமில்லை. மாநிலங்களவை வழியே டில்லி சென்றார். ஐந்தாண்டு கழித்து, 1967இல், தென்சென்னையில் நின்றார். மனோகரன் வடசென்னைக்குச் சென்றார், அங்கும் வென்றார். அரிசிப் பஞ்சம் ஒரு புறம், 1965 இந்தி எதிர்ப்புப் போரின் ஆறாப் புண் மறுபுறம். போட்டியிட்ட 25 பாராளுமன்ற இடங்களிலும் கழகம் வென்ற தேர்தல் அது. ஆனால் தென்சென்னை தேர்ந்தெடுத்த உறுப்பினர் மக்களவையில் அமரவில்லை! 1967 மார்ச் 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். பாராளுமன்ற இடத்தைத் துறந்தார். அவ்வாண்டே நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார், 1971இலும் வென்றார். டில்லி அவையில் அண்ணாவின் ஆங்கிலத்தை ஐந்தாண்டு கேட்டவர்கள், அக்குரல் மக்களவையிலும் ஒலித்திருக்கலாகாதா என்று ஏங்கியிருக்கக்கூடும். கோட்டைக்கு அவர் வேண்டியிருந்தார். அவருக்குக் கிடைத்ததும் இரண்டே ஆண்டு. 1969 பிப்ரவரி 3இல் மறைந்தார்.

தொகுதி கழகத்தின் பட்டா நிலமாகிவிட்டதா? ஆகவில்லை. கழகத் தோழர்கள் வருந்தினாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: 1977இலிருந்து 1991 வரை ஐந்து பொதுத் தேர்தல்களில் ஒன்றிலும் தென்சென்னை கழக வேட்பாளரை அனுப்பவில்லை. நெருக்கடி நிலையில் மாறன் சிறையிருந்தவர். இருந்தும் 1977இல் தொகுதி காங்கிரசின் ஆர். வெங்கட்ராமன் கைக்குப் போயிற்று. அன்று அவருக்குத் துணை அண்ணா தி.மு.க. 1980இல் அவரே மீண்டும் வென்றார். இம்முறை துணை தி.மு.க! வேட்பாளர் மாறவில்லை, தோள்தான் மாறியது. காமராசர் அமைச்சரவையில் தொழில் அமைச்சராயிருந்து கிண்டித் தொழிற்பேட்டையை அமைத்தவர் என்ற நற்பெயர் அவருக்குண்டு, அதனை மறுப்பதற்கில்லை. பின்னர் குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

1984 நம்மைச் சற்றே நிறுத்துகிறது. இந்திரா காந்தி கொலையுண்ட துயரில் நாடு; எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில். தென்சென்னையில் ஒரு பக்கம் நடிகை வைஜெயந்திமாலா, மறு பக்கம் இரா. செழியன். பாராளுமன்ற நடைமுறையைத் துறைபோகக் கற்றவர் செழியன். நெருக்கடிநிலைக் கொடுமைகளை ஆய்ந்த ஷா ஆணைய அறிக்கை கிடைக்காமற்போனபோது, தேடி எடுத்துப் பின்னாளில் அச்சேற்றியவர். அவர் தோற்றார். அறிவாளர் தொகுதி என்ற பட்டம் அன்று எங்கே போயிற்று? குப்பத்து மக்கள் திரைமுகம் கண்டு மயங்கினர் என்று பழிபோடுவது எளிது. மாளிகைகளில் இருந்தோர் செழியனுக்காகத் திரண்டனர் என்பதற்குச் சான்று உண்டா? 1989இலும் வைஜெயந்திமாலாவே வென்றார். 1991இல் அண்ணா தி.மு.க.வின் ஆர். ஸ்ரீதரன்.

1996இலிருந்து நான்கு முறை தொடர்ந்து டி. ஆர். பாலு, 2009இல் அண்ணா தி.மு.க.வின் ராஜேந்திரன், 2014இல் அக்கட்சியின் ஜெயவர்த்தன், 2019இலும் 2024இலும் கழகத்தின் தமிழச்சி தங்கபாண்டியன். 2024 களத்தில் முதல் மூவரையும் பாருங்கள்: முன்னாள் அமைச்சர் தங்கபாண்டியன் மகள், குமரி அனந்தன் மகளான தமிழிசை, முன்னாள் அமைச்சர் ஜெயக்குமார் மகன். மூவருக்கும் தகுதி இருக்கலாம். குலத்தொழிலை எதிர்த்த மண்ணில் இக்காட்சி நமக்கு உவப்பானதாக இல்லை.

அந்த 2024 ஏப்ரல் 19ஆம் நாள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாக்களித்தனர். தென்சென்னையிலோ 54 விழுக்காட்டை ஒட்டியே! வராதவர் யார்? தேர்தல் பணிக்கு அனுப்பப்படும் நம் போன்ற ஆசிரியர் அறிவர். காலையில் வாயில் திறக்குமுன் வரிசையில் நிற்பது வீட்டுவேலைக்குப் போகும் பெண். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருபவர். அடுக்குமாடிகளில் பலருக்கு அது ஒரு விடுமுறை நாள். நூற்றுக்கு மூவர் வாக்களித்த காலத்துச் செல்வர் வாக்கை விட்டதில்லை. எல்லோர்க்கும் வாக்கு வந்தபின் அதன் மதிப்பு அவர் வழியினர்க்குக் குறைந்துவிட்டது போலும்!

வரிசையில் நிற்கும் அந்த மக்களுக்கோ நகரம் என்ன செய்தது? 1970இல் குடிசைமாற்று வாரியம் பிறந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே கல்வீடு என்பது நோக்கம். மெரினாவை அடுத்த நொச்சிக்குப்பத்தில் எழுந்த மாடி வீடுகள் அதற்குச் சான்று. பின்னாளில் நோக்கம் திரிந்தது. ஆற்றோரத்திலும் கால்வாய்க் கரையிலும் இருந்தோரைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப்பின் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டனர். வேலை நகருக்குள்; வீடு நகருக்கு வெளியே. பிள்ளையின் பள்ளி பழைய தெருவில். படுக்கை எட்டாவது மாடியில். பழைய பட்டியலில் பெயர் நீங்கிப் புதிய பட்டியலில் ஏறும்வரை அவர்களுக்கு வாக்கும் இல்லை.

ஆனால் எல்லைக்கோடு அவர்களைத் தேடிச் சென்றது! 2008 மறுவரையறையில் சோழிங்கநல்லூர் தென்சென்னைப் பாராளுமன்றத் தொகுதிக்குள் வந்தது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதற்குள் அடக்கம். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளரோடு தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய சட்டமன்றத் தொகுதி அது. கணினிக் கூடங்களின் கண்ணாடி மாளிகைகளும் பெயர்த்து நடப்பட்ட குப்பங்களும் அங்கே அருகருகே நிற்கின்றன. மயிலைத் தெப்பக்குளக் கரையில் வாக்குக் கேட்கத் தொடங்கும் வேட்பாளர், எக்கட்சியினராயினும், இனிப் பெரும்பாக்கம் மாடிப்படிகளையும் ஏறியாக வேண்டும்.