தாமிரபரணிக் கரையில் குறட்டையும் சிபேப் கருவியும்

தாமிரபரணிக் கரை ஊர்களில் நெடுங்காலம் பாயில்தான் தூக்கம். அதில் பேர்பெற்றது பத்தமடைக் கோரைப்பாய். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் லெப்பைக் குடும்பத்தார் நெய்கிறார்கள். நயம் ரகத்தைத் துணிபோல மடித்து வைக்கலாம். மணமக்கள் பெயர் பொறித்த பாய் கல்யாணச் சீராகப் போவதும் உண்டு. கோடையில் திண்ணையும் மொட்டைமாடியுமே படுக்கை. வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிற வீட்டில் ஒருவருடைய குறட்டை எல்லோருக்கும் கேட்கும். ஆனால் அதை யாரும் நோயாக எண்ணவில்லை. உழைத்த உடம்பு அசந்து தூங்குகிறது என்றே விட்டார்கள். குறட்டை சட்டென்று நின்று, சில விநாடி கழித்து மூச்சு திணறலோடு திரும்பியபோதும் அப்படித்தான்.

அந்த இடைவெளியில்தான் நோய் இருக்கிறது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை விழித்துக்கொண்டு வழியைத் திறக்கிறது. நோய் முற்றியவருக்கு இது மணிக்கு 30 தடவைக்கு மேலும் நடக்கும். காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் எல்லாம் இதன் தொடர்ச்சி. 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் மருத்துவர்கள் தனித்தனியே இதைக் கருவிகொண்டு பதிவு செய்தார்கள். நெல்லை மக்கள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று சொல்கிற பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆனால் உலகில் எங்குமே அப்போது இதற்கு எளிய மருத்துவம் கிடையாது. நோய் கடுமையானால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். உயிர் பிழைக்கும், பேச்சும் குளியலும் வாழ்நாள் முழுக்கச் சிரமம்.

1980 ஜூன் மாதம் சிட்னியில் கோலின் சல்லிவன் என்ற மருத்துவர், அந்த அறுவைக்கு இணங்காத ஒரு கட்டடத் தொழிலாளியின் மூக்கு வழியே மோட்டார் கொண்டு காற்றைத் தொடர்ந்து செலுத்தினார். காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கியது. நோயாளி அன்றிரவு அடைப்பின்றித் தூங்கினார். 1981இல் ஐந்து நோயாளிகளின் விவரத்தை லான்செட் இதழ் வெளியிட்டது. இப்படிக் காற்றழுத்தம் தரும் சிபேப் கருவி பிறந்த கதை இது. தொடக்கத்தில் ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்து மாஸ்க் செய்து, இரவுதோறும் பசைபோட்டு ஒட்ட வேண்டியிருந்தது. மோட்டார் இரைச்சல் வேறு. மென்மையான சிலிகோன் மாஸ்க், அழுத்தத்தைக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் எல்லாம் பின்னர் ஒவ்வொன்றாக வந்தவை. இந்த மாற்றங்கள் இல்லையென்றால் வீட்டில் தினமும் மாட்டித் தூங்குகிற பொருளாக சிபேப் ஆகியிருக்கவே முடியாது.

விடிய விடிய ஓடுகிற கருவிக்கு விடிய விடிய மின்சாரம் வேண்டும். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இலேயே உற்பத்தியைத் தொடங்கிய பள்ளத்தாக்கு இது. இருந்தும் 2012 வாக்கில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் பல மணி நேர மின்வெட்டு. அந்தக் காலத்தில் வீடுகளுக்குள் வந்த இன்வெர்ட்டர், இன்று சிபேப் வைத்திருப்பவருக்குப் பெரிய துணை.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, ராக்கெட் எஞ்சின்களுக்காகத் திரவ ஆக்சிஜன் தயாரிக்கும் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரி இஸ்ரோ மையம் மருத்துவமனைகளுக்கு அதை அனுப்பியது. அந்த நாள்களில் முகம் மூடும் மாஸ்க்கும் காற்றுத் தள்ளும் கருவியும் மக்கள் கண்ணில் பழகிப்போயின. கூடவே ஒரு தவறான எண்ணமும் வேரூன்றியது: மாஸ்க் என்றால் ஆக்சிஜன், ஆக்சிஜன் என்றால் கடைசிக் கட்டம். குறட்டைக்காரர் மாட்டுகிற சிபேப் ஆக்சிஜன் தருவதில்லை. அறையில் உள்ள காற்றைத்தான் வடிகட்டி அழுத்தத்தோடு தருகிறது. புதிதாகத் தொடங்குபவரின் வீட்டாருக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்.

பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். மூச்சுமுட்டுவதுபோல் பயம் வந்தால், பகலில் டிவி பார்க்கும்போது சிறிது நேரம் மாட்டிப் பழகலாம். வாய் திறந்து தூங்குபவருக்குக் காற்று வாய்வழியே போய் நாக்கு வறளும். அவருக்கு வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் தேவைப்படலாம். அடர்ந்த மீசை இருந்தால் மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசியும். வாய் மூடித் தூங்கும் மீசைக்காரருக்கு மூக்குத் துளைகளில் பொருந்தும் சிறிய வகை ஏற்றது. முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு படுத்தால் சிலிகோன் வழுக்கும், சீக்கிரம் கெடும். பாய்ப் படுக்கைக்கும் கருவிக்கும் ஒரு முரண் உண்டு. கருவி தலைமட்டத்துக்கு மேலே இருந்தால் குழாயில் சேரும் நீர்த்துளி மூக்குக்கு இறங்கும். தரையில் வைத்தால் தூசி வடிகட்டியை அடைக்கும். கட்டிலில் படுத்து, அதைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் கருவியை வைப்பது நல்லது. ஹியூமிடிஃபையரில் ஆற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றாமல் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, தினமும் மாற்ற வேண்டும்.

இரவுக்கு 4 மணி நேரமாவது மாட்டுவது குறைந்தபட்சம் என்று மருத்துவ உலகம் கணக்கு வைத்திருக்கிறது. தூங்கும் நேரம் முழுக்க மாட்டுவதே முழுப் பலன். மாட்டாத இரவுகளில் அடைப்பு திரும்பிவிடும். கசிவு, வறட்சி, அழுத்தம் எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு இருப்பதால், கருவியைப் பரணில் ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.