மூன்றாவது தடவையை எப்போது எழுதுவது? பல் மருத்துவ பீடத்துக்கான ஒரு காலக் கணக்கு

கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்டாள்: "அக்கா, இந்த முறை எழுதட்டோ, வாற முறை எழுதட்டோ?"

முல்லைத்தீவில் படித்தவள். வயது 22. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை தோற்றிவிட்டாள். அப்பா இல்லை. வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை, மாதாமாதம் வீட்டுக்குப் பணம். இரண்டு வருடமாகப் புத்தகம் தொடவில்லை. பல் வைத்தியராக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவளை விடவில்லை. அவளுக்காகத் தேடியறிந்தவற்றை அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

இடைவெளி அல்ல, தடவைதான் கணக்கு

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அங்குள்ள முறையை வைத்தே ஆலோசனை சொல்வார்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் பல் மருத்துவத்துக்கு நேர்காணல் உண்டு. இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லவும் அங்கே இடம் உண்டு. இலங்கை அரச பல்கலைக்கழகத் தெரிவில் அப்படி எதுவும் இல்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் ஒரே தடவையில் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, அதன்பின் இசட் புள்ளி. நீங்கள் ஏன் இரண்டு வருடம் படிக்காமல் நின்றீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் பல்கலைக்கழகத் தெரிவுக்கு மூன்று தடவைகள் மட்டுமே. ஆயத்தமில்லாமல் எழுதினாலும் அது ஒரு தடவைதான். பழைய பெறுபேற்றைக் கொண்டு புதிய ஆண்டில் விண்ணப்பிக்கவும் முடியாது. அந்தந்த ஆண்டுப் பரீட்சைக்கே அந்தந்தக் கல்வியாண்டு அனுமதி.

2009 ஓகஸ்டில் வவுனியா முகாம்களுக்குள் இருந்தபடியே உயர்தரம் எழுதிய தலைமுறை என்னுடையது. பரீட்சைத் திகதி வந்தது, எழுதினோம். ஆயத்தமா என்று யோசிக்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. இன்று யோசிக்க வழி இருப்பவர்கள் யோசித்தே ஆகவேண்டும்.

நாட்காட்டியை நம்பலாமா?

2019 வரை உயர்தரம் என்றால் ஓகஸ்ட். 2020 இல் அது ஒக்டோபருக்குப் போனது. 2021 ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022 இனது 2023 ஜனவரியிலும், 2023 இனது 2024 ஜனவரியிலும் தொடங்கின. 2024 ஆம் ஆண்டுக்கான பரீட்சை நவம்பரில் தொடங்கி, சீரற்ற காலநிலையால் இடையில் நின்று, டிசம்பர் இறுதியில் முடிந்தது.

பெறுபேறும் அப்படித்தான். 2023 பெப்ரவரியில் முடிந்த பரீட்சைக்கு செப்டெம்பரில் பெறுபேறு வந்தது. 2024 ஜனவரியில் முடிந்ததற்கு மே 31 இல் வந்தது. அதன்பின் விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு. பரீட்சை முடிந்து விரிவுரை தொடங்க ஒரு வருடமோ அதற்கும் மேலோ செல்லலாம். ஆகவே வேலையை விடும் திகதியை பரீட்சைக்கு முந்திய மாதங்களுக்கே வையுங்கள். பரீட்சை முடிந்ததும் மீண்டும் உழைக்கலாம்.

பின்னிருந்து எண்ணுங்கள்

பரீட்சைக்கு 15 மாதம் முன்: ஒரு முழுக் கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து எழுதுங்கள். உங்கள் பழைய இசட் புள்ளியை உங்கள் மாவட்டத்தின் பல் மருத்துவ வெட்டுப்புள்ளியுடன் ஒப்பிடுங்கள். இசட் புள்ளி என்பது அந்த ஆண்டில் தோற்றிய மற்றவர்களுடன் ஒப்பிட்ட கணக்கு என்பதால் வெட்டுப்புள்ளி ஆண்டுக்காண்டு மாறும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடங்களைப் பாருங்கள்.

12 மாதம் முன்: பாடத்திட்டம் மாறியுள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். மூன்று பாடத்துக்கும் ரியூசன் போகப் பணம் போதாவிட்டால், மிகவும் பலவீனமான ஒரு பாடத்துக்கு மட்டும் போங்கள். வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் கிடைத்தாலே பெரிது. ஆறு மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட வேண்டாம்.

8 மாதம் முன்: ஆவணங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம், பழைய பெறுபேறு. இடம்பெயர்வில் தொலைந்தவற்றை மீளப் பெற அலைச்சல் அதிகம். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி விசாரியுங்கள். தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கான விண்ணப்ப அறிவித்தலை பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே கவனித்திருக்க வேண்டும். பாடசாலை நினைவுபடுத்தாது.

பெறுபேற்றுக்குப் பின்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் தமிழிலும் வெளிவருகிறது. விண்ணப்பிக்கச் சில வாரங்களே தரப்படும்.

மாவட்டம் எது?

அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை விகிதம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். உங்கள் மாவட்டத்தைத் தீர்மானிப்பது வெள்ளவத்தை வாடகை முகவரி அல்ல, நீங்கள் படித்த பாடசாலை. அதனால்தான் விடுகைப் பத்திரம் இவ்வளவு முக்கியம்.

விருப்பத் தெரிவில் பேராதனையுடன் நிற்க வேண்டாம். 1943 இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு மாறிய பல் மருத்துவக் கல்வி நீண்டகாலம் அங்கு மட்டுமே இருந்தது. இப்போது ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்திலும் உண்டு. விருப்ப வரிசையில் கீழே எழுதிய ஒரு பாடநெறிக்கு இடம் கிடைத்தால், பதிவு செய்வதற்கு முன் மீள விண்ணப்பிப்பதற்கான கட்டுப்பாடுகளைக் கைந்நூலில் வாசியுங்கள்.

கிடைக்காவிட்டால்

மஹரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களுக்கான அரச பயிற்சி உண்டு. சுகாதார அமைச்சின் வர்த்தமானி அறிவித்தலைக் கவனியுங்கள். இந்தியாவில் பல் மருத்துவம் படிக்க நீட் தேர்வு எழுத வேண்டும். அந்தப் புள்ளி அந்த ஆண்டு அனுமதிக்கே. எந்த நாட்டுக்குப் போவதானாலும், முகவருக்குப் பணம் கட்ட முன் அந்தப் பட்டத்துடன் இங்கு தொழில் செய்ய முடியுமா என்பதை இலங்கை மருத்துவ சபையிடம் கேளுங்கள்.

அந்தத் தங்கை ஒரு ஞாயிறு முழுக்க இருந்து இரசாயனவியல் வினாத்தாள் ஒன்றை எழுதிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மறந்துபோயிருந்தது. "அப்ப வாற முறைதான் அக்கா" என்றாள். அழவில்லை. அடுத்த நாளே விடுகைப் பத்திரத்துக்காக முல்லைத்தீவிலுள்ள தன் பாடசாலைக்குத் தொலைபேசி எடுத்தாள்.