உயெனோ: ஒரு சிலையும் ஒரு கல்லறையும்

டோக்கியோவின் உயெனோ பூங்காவில் அருங்காட்சியகம் பார்க்கவே ஒரு நாள் போதாது. காலையில் தேசிய அருங்காட்சியகம், மதியம் லெ கொர்பூசியே வடிவமைத்த மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம். ஆனா எனக்கு மனசுல நின்னது வெளியே இருக்கிற ரெண்டு நினைவுச் சின்னங்கள்தான்.

இந்த இடம் முன்பு தொக்குகவா ஷோகன்களின் கானெய்ஜி கோயில் வளாகம். 1868 ஜூலை 4-ல் ஷோகனுக்கு விசுவாசமான ஷோகிதாய் படை, பேரரசரின் படையிடம் ஒரே நாளில் இங்கே தோற்றது. கோயிலின் பெரும்பகுதி எரிந்துபோச்சு. அந்த நிலம்தான் 1873-ல் பூங்கா ஆனது. தேசிய அருங்காட்சியகம் நிற்பதும் பழைய கோயில் மனையில்தான்.

அன்று ஜெயித்த பக்கத்தில் முன்னின்றவர் சைகோ தகமோரி. அவரே பிறகு அதே அரசை எதிர்த்துக் கலகம் செய்து 1877-ல் இறந்தார். 1889-ல் மன்னிப்பு, 1898-ல் நாயோடு நிற்கும் சிலை. அதற்குச் சற்றுப் பின்னால் ஷோகிதாய் வீரர்களின் கல்லறை. பெரிய கல்லில் போரில் இறந்தவர்களின் கல்லறை என்று மட்டுமே இருக்கு. படையின் பெயர் இல்லை.

ரெண்டு பேருமே அரசை எதிர்த்தவங்க. ஒருத்தருக்கு 12 வருஷத்தில் பழி நீங்கியது. மற்றவங்களுக்குப் பெரிய கல்லில் பெயர்கூட இல்லை. உயெனோ போனா, முதல்ல இந்த ரெண்டையும் பாருங்க.